எடுவா, விடுவா?

வாலிபால் பார்க்க வருகிறவர்கள் யாருக்குக் கைதட்டுகிறார்கள்? எம்பி அடிக்கிறவளுக்குத்தான். வலைக்கு மேலே எழும்பி, பந்தை ஓங்கி ஓர் அறை அறைகிறாளே, அவளுக்கு விசில் என்ன, கூச்சல் என்ன! அதற்கு முன்னால் அந்தப் பந்து தரைக்கு நாலு விரல் உயரத்தில் இருந்தது, ஒருத்தி விழுந்து புரண்டு அதைக் காப்பாற்றிக் கொடுத்தாள் என்று யாராவது ஞாபகம் வைத்துக்கொள்கிறார்களா? மாட்டார்கள். போகட்டும், அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது. இந்தக் கதை அந்த விழுந்து புரண்டவளைப் பற்றியது.

அவளுக்குப் பெயர் தொடப்பம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். தொடப்பம் என்று வைத்தவள் கேப்டன். முதல் நாள் பயிற்சியில் இவள் பந்துக்காக விழுந்த வேகத்தில் கோர்ட்டின் தூசி முழுக்க இவள் சட்டைக்கு ஏறிவிட்டது. "இனிமே யாரும் கோர்ட்டைக் கூட்ட வேண்டாம்டி, நம்ம தொடப்பம் வந்தாச்சு" என்றாள் கேப்டன். வேறு எவளாவது சொல்லியிருந்தால் முடியைப் பிடித்திருப்பாள். கேப்டன் சொன்னபோது மட்டும் பட்டம் கொடுத்த மாதிரி உச்சி குளிர்ந்துபோனது.

ஆட்டத்தில் அவள் லிபரோ. அதாவது ஐந்து பேர் ஒரு நிறச் சட்டை போட்டால் இவள் மட்டும் வேறு நிறம். எம்பி அடிக்க அனுமதி கிடையாது. பின்வரிசையில் நின்று, எதிரி அடிக்கிற பந்து தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வேலை. இதற்கு ஐந்தடி உயரம் போதும். அவளுக்கு அதிலும் ஓர் அங்குலம் குறைச்சல்.

வீட்டில் அவள் மூன்றாவது பெண். மூத்தவள் அழகி, இரண்டாமவள் கெட்டிக்காரி, மூன்றாமவளின் முறை வந்தபோது பாராட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. பதினேழு வயதில் அப்பா வேலை பார்த்த பட்டறையிலேயே சேர்ந்தாள். பெயின்ட் டப்பாவுக்கு மூடி செய்கிற இடம். தகட்டை உள்ளே தள்ள வேண்டும், கால் மிதியை அழுத்த வேண்டும், மேலேயிருந்து அச்சு இறங்கி 'டங்' என்று அறையும், மூடி ஒன்று கூடையில் விழும். மறுபடி தள்ளு, மறுபடி அழுத்து. காலையிலிருந்து மாலை நாலு மணி வரை இதே கதி. அவள் இல்லாவிட்டால் அந்த மிதியை வேறு ஒரு கால் அழுத்தும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலரை மணிக்கு மைதானத்துக்குள் நுழைந்தால் கதையே வேறு. எதிர்ப் பக்கம் சர்வீஸ் போட ஆள் தயாராகும்போது முன்வரிசையில் நெட்டை என்று ஒருத்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பாள், "பின்னால யாருடி?"

"தொடப்பம் இருக்கா."

"அப்ப சரி."

அந்த "அப்ப சரி"க்காகத்தான் அவள் நாள் பூராவும் மிதியை மிதித்தாள். அது பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். ஒருத்தி பின்னால் நிற்கிறாள் என்பதற்காகவே மற்ற ஐந்து பேர் தைரியமாக முன்னால் பார்க்கிறார்கள் என்றால், அதைவிட வேறு என்ன வேண்டும் ஒரு மனுஷிக்கு? வீட்டிலோ பட்டறையிலோ யாரும் அவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கேப்டனுக்கு மைக் என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவள் வாயைத் திறந்தால் மைதானத்துக்கு வெளியே போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். மைக் கேப்டன் ஆனதும் ஒரு சட்டம் போட்டிருந்தாள். மற்ற அணிகளில் "எனக்கு", "உனக்கு", "அவுட்டு", "போகுது", "ஐயோ" என்று ஆளுக்கு ஒன்றாகக் கத்துவார்கள். இங்கே இரண்டே வார்த்தை. பந்து உள்ளே விழும் என்றால் 'எடு'. கோட்டுக்கு வெளியே போகும் என்றால் 'விடு'. லிபரோவுக்குப் பின்கோடு முதுகுக்குப் பின்னால் இருப்பதால், பந்து எங்கே விழும் என்று பக்கத்தில் நிற்கிற மைக்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். "யோசிக்கக் கூடாது. எடுன்னா எடு, விடுன்னா விடு. மிச்சம் என் தலைவலி." மூன்று வருஷம் அவர்கள் அப்படித்தான் ஆடினார்கள். மைக்கின் வாயும் தொடப்பத்தின் கையும் ஒரே உடம்பில் இருந்த மாதிரி.

இதற்கு நடுவில் தொடப்பத்தின் காது போய்க்கொண்டிருந்தது.

அது எப்படி யாருக்கும் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவள் அப்பாவுக்கு இருபத்தாறு வருஷப் பட்டறைச் சத்தத்தில் காது ஏறக்குறைய அடைத்துவிட்டது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூட ஊரைக் கூட்டுகிற குரல். டிவி அலறும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணுக்குக் காது மந்தமானால் யாருக்குத் தெரியும்? பட்டறையிலோ பேச்சே கிடையாது, எல்லாம் கை ஜாடை. காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுத்தார்கள், உண்மைதான். அரிக்கிறது என்று அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். பதினேழு வயதுப் பெண்ணுக்குக் காது என்பது தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற சாமான், எங்கே ஓடிவிடப் போகிறது?

அவளுக்கே முதலில் தெரிந்த இடம் கோர்ட்தான். மைக்கின் குரல் வந்தது, அதில் பாதி எழுத்து வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த வேறு நிறச் சட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே கண்ணால் கேட்கப் பழகினாள். 'விடு' சொல்லும்போது மைக் தோள்களைத் தளர்த்துவாள், 'எடு' சொல்லும்போது ஓர் அடி முன்னால் சாய்வாள். ஓரக்கண்ணில் அது தெரிந்தால் போதும். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினாள், கெட்டிக்காரி. இரண்டாமவளுக்குத்தான் அந்தப் பட்டம் என்று யார் சொன்னது?

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை வந்தது. ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போகலாம், தோற்றால் அடுத்த வருஷம்வரை இதே குழியில் கிடக்க வேண்டியதுதான். நாலு செட் முடிந்து இரண்டுக்கு இரண்டு. கடைசி செட் பதினைந்து புள்ளி. பதினாலுக்குப் பதின்மூன்று என்று இவர்கள் முன்னால் இருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு புள்ளி. பந்து நாலு தடவை வலைக்கு மேலே போய்வந்தது. ஐந்தாவது தடவை மைக் ஒரு பந்தை எடுக்கப் பாய்ந்து, தொடப்பத்துக்குப் பின்னால் குப்புற விழுந்துவிட்டாள். அவள் காப்பாற்றிய பந்து எப்படியோ வலையைத் தாண்டிப் போனது, அவள் எழுவதற்குள் எதிரணிக்காரி அதை ஓங்கி அடித்தாள்.

பந்து உயரமாக வந்தது. விழுந்து கிடந்த மைக் தரையிலிருந்தே அடித்தொண்டையில் கத்தினாள். தொடப்பத்தின் ஓரக்கண்ணில் தோளும் இல்லை, சாய்வும் இல்லை. காதில் வந்து விழுந்தது "…டு" மட்டும்.

எடுவா, விடுவா?

மூன்று வருஷமாகப் பந்தை எடுத்தே பழகிய கை அது. போய்விட்டது. பந்து விரலில் பட்டுச் சுவருக்குப் பறந்தது. கோட்டில் நின்ற நடுவர் கொடியைத் தூக்கி அதன் நுனியைத் தொட்டுக் காட்டினார், ஆளைத் தொட்டு வெளியே போன பந்து என்று. அவள் சும்மா நின்றிருந்தால் அது கோட்டுக்கு இரண்டடி வெளியே விழுந்திருக்கும். சும்மா நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்கள். பதினாலுக்குப் பதினாலு ஆனது, அடுத்த இரண்டு புள்ளியும் போனது, ஆட்டம் முடிந்தது.

மைக் எழுந்து வந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. "ஏண்டி எடுத்தே? விடுன்னு தொண்டை கிழியக் கத்துனேனே!"

எல்லோரும் சுற்றி நின்றார்கள். அந்த இடத்தில் தொடப்பம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீ எடுன்னுதான் சொன்னே" என்றாள்.

"நானா? நான் எடுன்னா சொன்னேன்?"

"எடுன்னுதான் சொன்னே. நான் என்ன சும்மா போய் எடுப்பேனா? எப்பவாவது எடுத்திருக்கேனா?"

அடி பாவி! என்றுதான் எனக்கும் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவள் கண்ணில் அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று, அந்தச் சட்டை. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொடப்பம் தப்பே பண்ண மாட்டாள் என்று பெயர் வாங்கியவள். மைக் படபடப்புக்காரி, வாய் முந்துகிற ஆள். நெட்டைதான் மெதுவாகச் சொன்னாள், "கீழ விழுந்த வேகத்துல வாய் தவறியிருக்கும், விடுங்கடி." மைக் அப்போதுதான் குனிந்து முழங்கால் ரத்தத்தைத் துடைத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. மைக் சண்டை போட்டிருந்தால் தொடப்பத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். மைக் நம்பிவிட்டாள். தன் வாய்தான் தவறியது என்று மனதார நம்பிவிட்டாள். பயிற்சியில் பந்து வரும், மைக் வாயைத் திறப்பாள், சொல்லப் போவது சரியான வார்த்தைதானா என்று ஒரு கணம் யோசிப்பாள், அதற்குள் பந்து விழுந்துவிடும். யோசிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் அவள்தான்! மூன்றாவது வாரம் கேப்டன் பொறுப்பை நெட்டையிடம் கொடுத்தாள். ஆறாவது வாரத்தில் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் வேலை பார்க்கிற செருப்புக் கடையில் கூட்டம் அதிகமாம், ஆள் இல்லையாம். யார் காதில் பூச்சுற்றுகிறாள்? தொடப்பத்துக்கு இடம் மிஞ்சியது, சட்டை மிஞ்சியது. "பின்னால யாருடி?" என்று யாரோ கேட்டார்கள், "தொடப்பம் இருக்கா" என்று யாரோ சொன்னார்கள், அவளுக்கு அந்த "அப்ப சரி" காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் இனித்திருக்காது.

அவளைக் கையும் களவுமாகப் பிடித்தவர் அப்பா. ஒரு விடுமுறைக் காலையில் அம்மா துணி உலர்த்திக்கொண்டே இவளிடம் என்னவோ கேட்டாள். இவள் தலையாட்டிச் சிரித்தாள். அம்மா கேட்டது, சாவியை எங்கே வைத்தாய் என்று. அப்பா நாற்காலியிலிருந்து அதைப் பார்த்தார். கேள்வி புரியாதபோது தலையாட்டிச் சிரிப்பது அவர் இருபது வருஷமாகச் செய்துவருகிற வித்தை, அவருக்குத் தெரியாதா? எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று அவள் பெயரைச் சொன்னார். அவள் திரும்பவில்லை. அவருக்கோ சந்தேகம், அம்மாவைப் பார்த்தார். "நான் சத்தமாத்தானே கூப்பிட்டேன்?"

"தெருவுக்கே கேட்டிருக்கும், என்னவாம்?" என்றாள் அம்மா.

அப்பா மகளின் தோளைத் தொட்டுத் திருப்பினார். "எத்தனை நாளாம்மா?" என்றார். அவள் துணிக்கூடையை எடுக்கக் குனிந்தாள். அவருக்கும் வேறு பதில் தேவைப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான்தானே அங்க சேத்துவிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், தான் அதை எவ்வளவு உரக்கச் சொல்கிறோம் என்று தெரியாமல். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

காது பரிசோதனைக்கு அவரே கூட்டிப்போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தொடப்பம் மளமளவென்று அழுத்தினாள். பரிசோதிக்கிற பெண்மணிக்கு முதலில் ஆச்சரியம், பிறகு சிரிப்பு. "என் கையைப் பாத்துட்டு அழுத்தறீங்க, இல்ல?" என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். அப்புறம் பொத்தான் சும்மாவே கிடந்தது. கடைசியில் நாற்காலியை மறுபடி திருப்பி, அந்தப் பெண்மணி தன் முகத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். கல், பல், சொல். மூன்றுக்கும் தொடப்பம் சொன்ன பதில் 'பல்'.

"சத்தத்தால கொஞ்சம், பரம்பரையா கொஞ்சம்" என்றாள் பெண்மணி. "கருவி வச்சா வீட்டுல பேசறது புரியும். கூட்டத்துல, கூச்சல்ல அவ்வளவா உதவாது. வேலையை மாத்திக்கணும், அது ரொம்ப அவசியம்." தொடப்பம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூடத் தவறவிடவில்லை.

அங்கிருந்து நேராகச் செருப்புக் கடைக்குப் போனாள். மைக் தரையில் குந்தி, ஒரு தாட்டியான பெரியவரின் காலுக்கு ஒன்பதாம் நம்பர் ஷூவை மாட்டப் போராடிக்கொண்டிருந்தாள். கடையில் ஏழெட்டுப் பேர். தொடப்பம் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ரகசியமாகச் சொன்னாள். ரகசியம் என்று அவள்தான் நினைத்தாள்.

"நீ விடுன்னுதான்டி சொன்னே! நான்தான் பொய் சொன்னேன்! எனக்குக் காது கேக்கல!"

கடை முழுக்கத் திரும்பியது. கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றார். பெரியவர் ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் வெறுமையாகவும் அப்படியே இருந்தார்.

மைக் ஷூவைக் கீழே வைத்துவிட்டு, ஓங்கி ஓர் அறை விட்டாள். அடுத்த கணம் அவளைக் கட்டிக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "எட்டு வாரமா என் வாயை நானே நம்பலடி. கடையில ஏழுன்னு சொன்னா எட்டுன்னு சொல்லிட்டேனோன்னு திரும்பத் திரும்பப் பாக்கறேன். சொல்லியிருக்கக் கூடாதாடி? அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" அவள் முகம் தோளில் புதைந்திருந்ததால் தொடப்பத்துக்கு இதில் எதுவும் புரியவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். பெரியவர்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மைக் சொன்னதை அவள் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்தி எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்தபோது அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மைக் மைதானத்துக்குத் திரும்பினாள். வந்த அன்றே பழைய சட்டத்தைக் கிழித்துப் போட்டாள். "எடு, விடு ரெண்டும் இனிமே கிடையாது. எடுக்கணும்னா 'ஆ', வேண்டாம்னா 'ஓஓஓ'. வாய் வலிச்சாலும் பரவாயில்ல." தொடப்பமே எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாள், யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நெட்டை வந்து தொடப்பத்தின் தலையில் ஒரு குட்டு வைத்தாள், அத்தோடு சரி. இப்படிப்பட்டவர்களுக்கா துரோகம் பண்ணினோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

பயிற்சி தொடங்கியது. ஆ என்றார்கள், ஓ என்றார்கள். ஒவ்வொருத்தியும் கையை விரித்து, வாயைப் பிளந்து, அவளுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துத் திரும்பி நின்று கத்தினாள். பத்துப் பந்தில் ஏழு சரியாக வந்தது. மோசமில்லை. "பாத்தியா, வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று நெட்டை குதித்தாள். ஆனால் பந்து வரும்போது யாரும் முன்னால் பார்க்கவில்லை. ஐந்து பேரும் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அடித்துக் கொடுக்க மைக் வலைக்கு அந்தப் பக்கம் போனாள். இந்த மைக் யார் தெரியுமா? பயிற்சியில் ஒருநாள்கூடக் கருணை காட்டாதவள். அவள் அடித்த அடியில் தொடப்பத்தின் முன்னங்கை இரண்டும் வருஷம் பூராவும் கத்திரிக்காய் நிறத்தில் இருக்கும். ஜுரத்தோடு வந்த அன்றுகூட, "ஜுரம் உனக்கா, பந்துக்கா?" என்று கேட்டுவிட்டு முகத்துக்கு நேராக அடித்தவள். அவள் பந்தை மேலே போட்டாள், எம்பினாள், கை பின்னால் போனது.

பந்து மெதுவாக வந்தது. நேராக, பதமாக, கைக்கு எட்டுகிற இடத்துக்கு.

தொடப்பம் எடுத்துக் கொடுத்தாள். அடுத்ததும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததும்.

"ஏண்டி இப்படி அடிக்கறே?"

மைக் வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "தோள் வலிக்குதுடி."

"பொய்."

"இல்லடி, நிஜமா." மைக் சிரிக்கப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாலிபாலில் பந்தைத் தட்டலாம், தூக்கலாம், அடிக்கலாம், பிடிக்க மட்டும் கூடாது. அது அந்த விளையாட்டின் முதல் விதி, முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். மூன்று வருஷத்தில் தொடப்பம் ஆட்டத்தில் இருக்கிற பந்தை ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. மைக் மறுபடி பந்தை மேலே போட்டு, மறுபடி மெதுவாக அனுப்பினாள். தொடப்பம் இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் விசில் ஊதவில்லை. அவள் பந்தை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், மைக்கின் கையில் அதைக் கொடுத்தாள். மைக்கின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று பார்க்கத் தொடப்பம் முகத்தைத் தூக்கவில்லை, அந்த வேறு நிறச் சட்டையைக் கழற்றுவதற்காகக் கோர்ட்டை விட்டு வெளியே நடந்தாள்.